சுடலைமுத்து தாத்தாவின் வயது

ஆஸ்பத்திரியில் கேஸ் சீட்டு எழுதுகிறவனுக்கு நோயைவிட வயதுதான் பெரிய தலைவலி. எண்பதுகளின் தொடக்கத்தில் சங்கரன்கோவிலில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நான் அந்த வேலை பார்த்தேன். ஏதாவது ஒரு ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து "வயசு என்ன?" என்று கேட்டுப் பிழைத்தவராக இருந்தால், என் பாடு உங்களுக்குப் புரியும்.

இரண்டு வயது

கரிவலம்வந்தநல்லூரிலிருந்து சுடலைமுத்து தாத்தாவை அவர் மகன் மாடசாமி அண்ணாச்சி கூட்டி வந்தார். காலையில் சாப்பிட்டது சாயங்காலம் அப்படியே வாந்தியாக வந்துவிடும். இரைப்பையில் புற்றுநோய் என்று திருநெல்வேலியில் சொல்லிவிட்டார்கள். ஆபரேஷன் செய்யலாமா, வேண்டாமா என்று எங்களிடம் வியாழன்தோறும் வரும் சர்ஜன்தான் சொல்ல வேண்டும்.

வயது கேட்டேன். மகன் எண்பது என்றார். தாத்தா அறுபத்தைந்து என்றார். இரண்டுக்கும் அத்தாட்சி கிடையாது. அண்ணாச்சி என்னைத் தனியே கூப்பிட்டார்.

"எண்பதுன்னே போடுங்க தம்பி. வயசைப் பாத்து டாக்டரே வேண்டாம்னுட்டா, நான் வேண்டாம்னு சொன்னதா இருக்காதுல்லா."

இருபத்திரண்டு படி

வேறு வழியில்லாமல் சீட்டில் இரண்டு வயதையும் போட்டிருந்தேன். சர்ஜன் அதைப் பார்த்துவிட்டுப் பேனாவை மூடினார். மாடிப்படியைக் காட்டி, நிற்காமல் ஏறச் சொன்னார். துணைக்கு என்னையும் அனுப்பினார். தாத்தா கைப்பிடியைத் தொடவே இல்லை. மேலே போனதும் வேட்டியை மடித்துக் கட்டினார், யாரும் கேட்காமலே இறங்கி இன்னொரு தடவை ஏறினார். எனக்குத்தான் மூச்சு வாங்கியது.

சர்ஜன் நாடி பார்த்துக்கொண்டிருக்கும்போது தாத்தா என்னைக் காட்டினார்.

"இந்தப் பயலுக்கு என்ன வயசு போட்டிருக்கு? அவனையும் ஒருக்கா சோதிச்சிருங்க."

பலூன்

படி ஏறியது மட்டும் போதாது என்றார் சர்ஜன். பத்து நாள் வார்டில் வைத்துக் குழாய் விட்டு வயிற்றைக் கழுவினோம், குளுக்கோஸ் ஏற்றினோம். பீடி கூடாது. நெஞ்சு பலப்பட தினமும் பலூன் ஊத வேண்டும். தாத்தா ஊதின ஊதில் மூன்று பலூன் வெடித்தது.

அவரிடம் வெறும் புண் என்றுதான் சொல்ல வேண்டும் என்று வீட்டார் கட்டளை. என்னிடம் கேட்டார், நானும் அப்படியே சொன்னேன். பலூனை வாயிலிருந்து எடுத்தார்.

"புண்ணுக்கா என் மருமக அந்தத் தூணுக்குப் பின்னால நின்னு அழுதா?"

யார் கை

சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போடுவது மகன்தான். நோயாளி வயதானவர் என்றால் அவரைக் கேட்கிற வழக்கமே கிடையாது. மேஜையிலேயே உயிர் போனாலும் போகலாம், செய்யாமல் விட்டால் வயிற்றின் வாசல் அடைத்துப் பட்டினியில் போவார் என்று சர்ஜன் ஒளிக்காமல் சொன்னார். அண்ணாச்சி பேனாவைப் பிடித்தபடி ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். பேனா இறங்கவில்லை.

நான் காகிதத்தை எடுத்துக்கொண்டு தாத்தாவிடம் போய் வாசித்தேன். என் குரல் பக்கத்துக் கட்டிலுக்கே எட்டாது. சத்தமா வாசிலே என்றார். நோயின் பெயரோடு முழுதும் வாசித்தேன். பிழைத்தால் சாப்பிட முடியுமா என்று மட்டும், வார்டுக்குள் வந்த சர்ஜனிடம் கேட்டார். கொஞ்சம் கொஞ்சமாக ஆறு வேளை சாப்பிடலாம் என்றார் அவர். தாத்தா பெருவிரலை நீட்டினார்.

"வயிறு என்னுது. அவன் கையெழுத்துப் போட்டு நான் செத்துட்டா, ஆயுசுக்கும் அவன்லா அதைச் சுமப்பான்? மையைக் கொண்டா."

திரும்பவும் ஜன்னல்

இரைப்பையில் முக்கால்வாசியை எடுத்தார்கள். மூன்று நாள் காய்ச்சல். அண்ணாச்சி வார்டு வாசலை விட்டு நகரவில்லை. பன்னிரண்டாம் நாள் தையல் பிரித்தபோது தாத்தா அரை இட்லியை முடித்துவிட்டு அடுத்த அரைக்காகக் காத்திருந்தார். நோய் திரும்ப வராது என்று தன்னால் சத்தியம் செய்ய முடியாது, மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்து காட்டுங்கள் என்றார் சர்ஜன். நடந்தே வருகிறேன் என்றார் தாத்தா.

டிஸ்சார்ஜ் சீட்டு எழுத உட்கார்ந்தேன். வயதுக் கட்டத்தில் பேனா நின்றது. அண்ணாச்சி ஜன்னலில் தலையை நீட்டினார்.

"எண்பதுன்னே போடுங்க தம்பி. எங்கய்யா எண்பது வயசுல ஆபரேஷனைத் தாங்கிட்டு வந்தாருன்னு ஊர்ல காட்டணும்லா."

அந்தக் கட்டத்தில் 'மாடி ஏறுவார்' என்று எழுதிக் கொடுத்துவிட்டேன், திருத்தித் தரச் சொல்லி இன்றுவரை அப்பனும் வரவில்லை, மகனும் வரவில்லை.