ராகுகாலத்துக்கு முன்னால் ஒரு பக்கம்

மணி பத்தேகால். பத்தரைக்கு ராகுகாலம். எங்கள் முதல் வாடிக்கையாளரான கொத்தமங்கலம் ஆச்சி பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்திருக்கிறார். பதினான்கு பலகாரப் போட்டோவில் மூன்றுதான் ஏறியிருக்கிறது.

வெப்சைட் தொழிலுக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்ல ஆசைப்படுவது இந்தக் கால்மணி நேரத்தைத்தான். நான் படித்தது அஞ்சாம் வகுப்பு. தொண்ணூறுகளின் கடைசியில் என் மகள் ஸ்டெல்லா காரைக்குடி செக்காலையில் ஒரு மாடி அறை பிடித்து, வெப்சைட் செய்து கொடுக்கும் கம்பெனி தொடங்கினாள். அம்மா நான் பங்குதாரர். ஸ்கேனரில் போட்டோ வைத்து எடுப்பது என் வேலை. வெளியாட்களிடம் பேசக் கூச்சம். யாராவது வந்தால் ஸ்கேனர் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

ஆச்சி சீப்புச்சீடை, முறுக்கு என்று பலகாரம் செய்து மலேசியா வரை அனுப்புகிறவர். மகன் அங்கே கம்ப்யூட்டர் முன்னால் காத்திருந்தார். அவர் கடையின் வெப்சைட்டைத் திறக்க வெள்ளிக்கிழமை காலை என்று நாள் சொன்னது நாங்கள்தான். நாங்கள் வேதக்காரர்கள், மாதா கோயிலுக்குப் போகிறவர்கள்; ராகுகாலம் பார்க்க வேண்டுமென்று தோன்றவே இல்லை.

"ஏன் ஸ்டெல்லா, பத்தரைக்குள்ள வந்துருமுல்ல?" என்றார் ஆச்சி.

"லைன் கட்டாகிக் கட்டாகிப் போகுது ஆச்சி. பதினோரு மணிக்குள்ள ஏத்திருவேன்."

"நடு ராகுகாலத்துல கடை தொறக்கவா? நல்லாருக்கு! மெட்ராஸ் கம்பெனிக்கே குடுங்கன்னு மகன் அப்பவே சொன்னான். நம்ம ஊருப் புள்ளைன்னு இங்குட்டு வந்தேன் பாரு."

"நாளைக்கு வச்சுக்கலாமா ஆச்சி?"

"நாளைக்கு அஷ்டமி."

லைன் மறுபடி கட்டானது. இன்டர்நெட் கிடைக்க ஸ்டெல்லா மறுபடி மதுரைக்கு டயல் செய்தாள். மோடம் கீச்சிட்டது. "இது வேற, கழுத்தப் பிடிச்ச கோழியாட்டம் கத்துது," என்று ஆச்சி பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார். முதல் வாடிக்கையாளரே இப்படிப் போனால் காரைக்குடியில் வேறு யார் எங்களிடம் வருவார்கள்?

படம் எல்லாம் ஏறாமல் பக்கத்தைத் திறந்தால், படம் இருக்கவேண்டிய இடத்தில் பெருக்கல் குறிதான் தெரியும். அதனால் ஸ்டெல்லா படங்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். எப்படி வாய் திறந்தேனோ தெரியாது.

"ஆச்சி, புது வீட்டுல பால் காச்சுனப்ப, பீரோ கட்டில் எல்லாம் வந்துருச்சா?"

ஆச்சி திரும்பிப் பார்த்தார். "அட, இவுக பேசுவாகளா! பீரோ எதுக்கு? அடுப்பும் பாலும் போதுமே."

"அதே மாதிரி கடைப் பேரு மட்டும் இப்பப் போகட்டும். மத்த சாமானெல்லாம் பொறவு வரட்டும்."

ஆச்சி ஒரு நொடி யோசித்து உட்கார்ந்தார். "பேருக்கு மேல பிள்ளையார் சுழி போட்ருங்க."

"அம்மா!" என்று கத்திய ஸ்டெல்லா போட்டோக்களை நிறுத்தினாள். பெயின்ட்டில் மவுஸால் ஒரு பிள்ளையார் சுழி வரைந்தாள். முதல் தடவை வால் கோணியது. "பரவால்ல, அவரு கோவிச்சுக்க மாட்டாரு, போடு போடு!" என்றார் ஆச்சி. கீழே கடைப் பெயர், ஊர், போன் நம்பர். அவ்வளவுதான் பக்கம். அனுப்பியதுதான் தெரியும், ஏறிவிட்டது. மணி பத்து இருபத்தாறு.

இன்டர்நெட்டுக்கும் போனுக்கும் ஒரே லைன். உடனே துண்டித்துவிட்டு, மூன்று பேரும் போனையே பார்த்துக்கொண்டிருந்தோம். அடித்தது. ஆச்சி பாய்ந்து எடுத்தார். மகன் போட்ட சத்தம் எங்களுக்கும் கேட்டது: "ஆத்தா, தெரியுதாத்தா! பிள்ளையார் சுழியோட நம்ம கடைப் பேரு!"

ஸ்டெல்லா என்னைக் கட்டிக்கொண்டாள். ஆச்சி போனைக் கையால் பொத்திக்கொண்டு, "மிச்சத்த நிதானமா ஏத்துங்க. பக்கத்து வீட்டு ஆச்சிக்கும் ஒண்ணு வேணும்," என்றார்.

அதற்குப் பிறகு எந்த வேலை வந்தாலும் முதலில் ஒரு பக்கத்தை ஏற்றிவிடுவோம்; மற்றவை பின்னால். வாடிக்கையாளருக்கு எது அவசரம் என்று முதலிலேயே கேளுங்கள். ஆச்சிக்குப் பதினான்கு போட்டோ அவசரமில்லை. நல்ல நேரத்தில் கடை திறக்க வேண்டும், அவ்வளவுதான்.

கூச்சப்படுகிறவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். நான் பத்து நிமிடம் முன்னால் வாய் திறந்திருந்தால், ஒரு தட்டுச் சீப்புச்சீடை போட்டோவும் நல்ல நேரத்தில் ஏறியிருக்கும்.