பாம்புக்குத் துடக்கு

“பிள்ளை, இங்க பாம்பு கிடக்கு. அடிக்கவும் ஏலாது, விடவும் பயமாக் கிடக்கு. உடன வாங்கோ,” என்று கோயில் செயலாளர் போன் எடுத்தபோது, நான் ரெய்னர்ஸ் லேன் பக்கம் ஓர் ஓடைக்குள் முழங்கால் சேற்றில் நின்றேன். அந்த ஓடைகள் ஆற்றில் சேரும் வரை எங்கெங்கே தவளை, நியூட் எனும் நீர்ப்பல்லி, பாம்பு இருக்கின்றன என்று பார்ப்பதுதான் என் சர்வே வேலை.

கோயில் ஆற்றங்கரையில் இருந்தது. பின்பக்கம் பழைய மாலைகளும் வாழையிலைகளும் கொட்டிய மேடு. பாம்பு அதற்குள்தான் போனதாம். உக்கும்போது உள்ளே நல்ல சூடு பிடிக்கும். இந்தக் குளிர் நாட்டில் புல்பாம்புக்கு முட்டையிட அதைவிட நல்ல இடம் கிடைக்காது. ஓரத்தை மெல்ல விலக்கினேன். வெள்ளை முட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. இத்தனை வருஷ வேலையில் புல்பாம்பின் முட்டையைக் கண்டது அதுவே முதல் தடவை. விலக்கியதை அப்படியே திரும்ப மூடிவிட்டேன்.

“விஷமில்லாதது ஐயா. பொரிக்கும் வரைக்கும் மேட்டைக் கிளறாதேங்கோ,” என்றேன்.

செயலாளர் ஒத்துக்கொண்டார். சனம் விட்டால்தானே? மறுநாள் போனால் மேடு முழுக்கப் பால். இப்படியே ஊற்றினால் சூடு தணிந்து முட்டைகள் பழுதாகிவிடும். வேலி போட்டேன். தமிழிலும் ஆங்கிலத்திலும் போர்டு வைத்தேன். வேலிக்கு மேலால் ஊற்றினார்கள். பாம்பு பால் குடிக்காது என்று விளக்கியதற்கு, என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்கள்.

அடுத்த முறை செம்போடு வந்த ஓர் அக்காவைக் கண்டதும் எனக்குப் பொறுமை போய்விட்டது.

“அக்கா, இது பிள்ளை பெத்த வீடு மாதிரி. தீட்டுத் துடக்கு கழிய முன்னம் இங்க பூசைக்குப் பால் கொண்டு வரலாமோ?”

அக்கா சட்டென்று பின்வாங்கினார். “ஐயோ, நான் யோசிக்கேல்லை. எப்ப கழியும்?”

“குஞ்சு பொரிச்ச பிறகு சொல்லுறன்.”

பின்னேரத்துக்குள் செய்தி கோயில் முழுக்கப் பரவிவிட்டது. அதன்பின் ஒரு சொட்டுப் பால் விழவில்லை.

கோடை முடியும் நேரம் மேட்டில் வெடித்த முட்டைக் கோதுகள் கிடந்தன. கழுத்தில் மஞ்சள் வளையத்தோடு ஒரு குஞ்சு ஆற்றுப் பக்கம் நெளிந்து போனது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

இந்த வேலைக்கு வரும் இளையவர்களுக்கு ஒன்று சொல்வேன். பாம்பைப் பற்றிப் படித்தால் மட்டும் போதாது, அதன் அயலில் இருக்கும் சனத்தையும் படியுங்கள்.

சொன்னபடி அக்காவுக்குப் போன் எடுத்தேன். துடக்குக் கழிந்தது, ஆனாலும் பாம்பு பால் குடிக்காது என்று மறுபடியும் சொன்னேன். அவர் செம்போடுதான் வந்தார்.

“அது குடிக்காட்டி நீர் குடியும். காவல் இருந்தது நீர்தானே,” என்று நீட்டினார்.

செம்பை வாங்கிக் குடித்தேன்.