அக்கா வீட்டு ஃப்ரிட்ஜ் மேல் ஒரு போன்

பையனுக்கு ஏழாவது மாதம் நடந்துகொண்டிருந்தபோது பெங்களூரு அலுவலகத்துக்கு ஒருநாள் நேரில் வரச் சொன்னார்கள். பேறுகால விடுப்பு முடிந்து, பாலக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்தே வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். மாதத்துக்கு ஒருமுறை முகம் காட்டினால் போதும் என்பது ஏற்பாடு. நியாயமான ஏற்பாடுதான். பையன்தான் அதில் கையெழுத்துப் போடவில்லை. பாட்டிலைக் கண்டால் உதட்டை இறுக்கி மூடிக்கொள்வான்.

அதனால் நானாகவே ஒரு முடிவுக்கு வந்திருந்தேன். நான் இல்லாத அந்த ஒரு பகலில் அவன் எதையாவது குடித்தால் வேலை. பட்டினி கிடந்தால் ராஜினாமா. மதிய பஸ்ஸைப் பிடித்து வந்துவிடுவேன். இதை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் யாராவது சமாதானம் சொல்லிவிடுவார்கள் என்று பயம்.

கணவருக்கு ஓசூரில் பகல் ஷிப்ட். தக்காளி விலை ஏறியிருந்த வாரம் என்பதால் அத்தை விடிவதற்குள் தோட்டத்துக்குப் போய்விடுவார். மிச்சம் இருந்தது மாமா, என் மாமனார். சர்க்கரை ஆலையில் எடைமேடையில் இருந்து ஓய்வு பெற்றவர். முட்டிவலிக்காரர்.

"நான் பாத்துக்கறம்மா. டன் கணக்குல கரும்பு பாத்தவன். இது ஏழு கிலோ," என்றார்.

கரும்பு வாய் விட்டு அழாது என்று சொல்ல நினைத்து, மரியாதையாக இருக்காது என்று விட்டுவிட்டேன். பதிலாக விதிமுறைகளைச் சொன்னேன். பவுடர் பால் எத்தனை ஸ்பூன், சூட்டை மணிக்கட்டில் விட்டுப் பார்ப்பது, குடித்ததும் தோளில் போட்டுத் தட்டுவது, தூங்கும்போது போன் அடிக்காமல் பார்த்துக்கொள்வது. முதல் நாள் ராத்திரி ஒருமுறை, காலையில் ஒருமுறை, தருமபுரி பஸ் நிலையத்திலிருந்து போனில் ஒருமுறை. மூன்றாம் முறை கேட்டபோது மாமா, "பரீட்சை எப்பம்மா?" என்றார்.

இனி எங்கள் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மற்ற நிரலாளர்கள் தங்கள் செயலிகளில் சேர்த்துக்கொள்ளும் லைப்ரரி என்ற நிரல் தொகுப்பு ஒன்றை நாங்கள் எழுதுகிறோம். செயலி இணையத்தில் யாரோடு பேச வேண்டுமானாலும் எங்கள் நிரல் வழியாகத்தான் பேசும். சில நிறுவனங்களில் உள்ளே இருந்து நேராக வெளியே பேச விடமாட்டார்கள். நடுவில் ப்ராக்ஸி என்று ஒரு சர்வர் உட்கார்ந்திருக்கும். முதலில் அதைப் பிடித்து, இன்னாரோடு இணைத்துவிடு என்று கேட்க வேண்டும். அது இணைத்துவிட்டு ஆயிற்று என்று சொன்ன பிறகுதான் பேச்சு ஆரம்பமாகும்.

ப்ராக்ஸியே கிடைக்காவிட்டால் சில நொடிகளில் கைவிட்டுவிடும்படி எழுதியிருந்தோம். டைம்அவுட் என்பது அதுதான். ஆனால் ப்ராக்ஸி அழைப்பை எடுத்துவிட்டு, கேட்டதைக் காதில் வாங்கிக்கொண்டு, பதிலே சொல்லாமல் போய்விட்டால்? அந்தக் காத்திருப்புக்கு எல்லை வைக்க யாருக்கும் தோன்றவில்லை. செயலி அப்படியே நின்றுகொண்டிருக்கும். வாடிக்கையாளர் ஒருவர் புகார் செய்த பிறகு அந்த எல்லையை வைக்கும் வேலை என்னிடம் வந்தது. நான் முதலில் பத்து நொடி என்று எழுதினேன். எங்கோ ஒரு மெதுவான சர்வர் பாவம், பதிலை எடுத்துக்கொண்டு வந்துகொண்டிருக்குமே என்று முப்பது ஆக்கினேன். திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர் பாவமில்லையா என்று மறுபடி குறைத்தேன். இப்படி நான் மாற்றி மாற்றி எழுதியதைப் பார்த்து நொந்துபோன எங்கள் குழுவின் லீட், திருச்சிக்காரர், நேரில் உட்கார்ந்து ஒரு எண்ணை முடிவு செய்வோம் என்று கூட்டிய கூட்டம்தான் அன்றையது.

கூட்டம் தொடங்குமுன் மாமாவுக்கு அடித்தேன். போன் அணைந்திருந்தது. பையன் தூங்கும்போது அடிக்கக் கூடாது என்று நான் சொன்னதை அவர் அவருடைய பாணியில் நிறைவேற்றியிருந்தார். பக்கத்து வீட்டு அக்காவுக்கு அடித்தேன். இரண்டாவது மணியிலேயே எடுத்தார்.

"இரு கண்ணு, உங்க மாமாவக் கூட்டியாறேன். லைன்லயே இரு."

போனை எதன் மேலோ வைத்த சத்தம் கேட்டது. ஃப்ரிட்ஜாக இருக்க வேண்டும், உர்ரென்று ஒரு ரீங்காரம். அக்காவின் செருப்புச் சத்தம் தேய்ந்தது. அவ்வளவுதான். லீட் கண்ணாடிக் கதவுக்குப் பின்னாலிருந்து கையசைத்தார். என் பக்கத்துச் சத்தம் போகாதபடி மியூட் செய்து, ஒரு காதில் இயர்போனை வைத்து, முடியை இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே போனேன்.

குக்கர் விசில் அடித்தது. யாரும் வரவில்லை. கட் செய்துவிட்டு மறுபடி அடித்திருக்கலாம். அடித்து, எடுக்காவிட்டால்? இருக்கிற தொடர்பையும் கெடுத்துக்கொள்வானேன் என்று இருந்தேன்.

லீட் பலகையில் எழுதிக்கொண்டே கேட்டார். "ப்ராக்ஸி எடுத்துடுச்சு. பதில் இல்ல. எவ்வளவு நேரம் பார்க்கலாம்? நீங்க சொல்லுங்க."

"இன்னும் கொஞ்ச நேரம் பார்க்கலாம் சார்," என்றேன்.

"நொடியில சொல்லுங்க."

அந்த நேரத்தில் காதில் பையனின் அழுகை கேட்டது. பக்கத்தில் வந்தது. கூப்பிடப் போன அக்கா, எதிரே அவனைத் தூக்கிக்கொண்டு வந்த மாமாவைப் பார்த்திருக்கிறார். போன வேலை அக்காவுக்கு மறந்துவிட்டது.

"பாட்டில மூஞ்சில தட்டி வுடறான். ரெண்டு தடவ பாத்துட்டேன்," என்றார் மாமா.

"பசில கத்தறான் பாருங்க. கேவுரு கஞ்சி காச்சி வெச்சிருக்கறேன், எம் பேத்திக்கு. ஆறிப்போச்சு. ரெண்டு ஸ்பூன் குடுங்க."

"அவ பாட்டில்லதான் குடுக்கோணும்னு மூணு தடவ சொல்லிட்டுப் போனாளே."

"அவ வந்து பாக்கப் போறாளா? கிண்ணத்தப் புடிங்க."

டாக்டர் ஆறு மாதத்திலேயே கேழ்வரகு ஆரம்பிக்கலாம் என்றுதான் சொல்லியிருந்தார். நான்தான் மாவைத் துணியில் சலித்து, மறுபடி சலித்து, ஒரு துகள் தென்பட்டால் மொத்தத்தையும் தூக்கி வைத்து, நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிக்கொண்டிருந்தேன். தொண்டையில் அடைத்தால்? முடிக்குள் விரலை விட்டு இயர்போனை அழுத்திக்கொண்டேன். அழுகை நின்றது. நின்றால் நல்லதா கெட்டதா என்று தெரியவில்லை. பிறகு கிண்ணத்தில் ஸ்பூன் உரசும் சத்தம். சப்புக்கொட்டும் சத்தம். ஸ்பூன் கொஞ்சம் தாமதமானதும் அவன் ஒரு அதட்டல் போட்டான். எனக்குத் தெரிந்த அதட்டல்தான், இன்னும் வேண்டும் என்பது.

"அழறீங்களா?" என்றார் லீட்.

"இல்ல சார், ஏசி."

அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, பலகையில் பதினைந்து என்று எழுதி வட்டம் போட்டார். "யாருக்கு அதிகம் வேணுமோ அவங்க மாத்திக்கட்டும். முடிஞ்சுது."

காதில் மாமா சொல்லிக்கொண்டிருந்தார். "அவ கேட்டா பாட்டில்லனே சொல்லிருவோம். பயந்த புள்ள."

"ஐயோ, அவ லைன்ல இருந்தாளே," என்றார் அக்கா.

"இத்தன நேரமா? யாராச்சும் புடிச்சிட்டு இருப்பாங்களா?"

போனைத் தூக்கும் சத்தம். நான் வெளியே ஓடி மியூட்டை எடுப்பதற்குள் மாமா மூன்று அலோ சொல்லிவிட்டார்.

"குடிச்சானாங்க மாமா?"

"குடிச்சாம்மா. பாட்டில்லதான். முக்காவாசி." உடனே எடையைக் கூட்டினார். "முழுசாவே வெச்சுக்க."

ப்ராக்ஸி பொய் சொன்னால் என்ன செய்வது என்று எங்கள் லைப்ரரியின் ஆவணத்தில் ஒரு வரிகூடக் கிடையாது. ஒன்றும் கேட்காததுபோல வைத்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் மத்தியானத்துக்கும் அவர் பாட்டிலோடு மல்லுக்கட்டி, மறுபடி ஒளித்துக் கொடுத்து, மறுபடி எனக்கு ஒரு கணக்கு சொல்ல வேண்டியிருக்கும். முட்டிவலியோடு அது வேறு எதற்கு?

"மத்தியானமும் அந்தக் கஞ்சியே குடுங்க மாமா. கிண்ணத்துலயே."

அந்தப் பக்கம் ஃப்ரிட்ஜ் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"மாமா, கேக்குதுங்களா?"

"கேக்குது," என்றார். "உனக்கும் நல்லாக் கேட்டிருக்குது போல."

பின்னால் அக்கா சிரித்தார். அவர் சிரிப்பதைப் பார்த்து என் பையனும் சிரித்திருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்து வந்தன. மாமா தொண்டையைச் செருமி, எடைமேடைக்காரரின் குரலில் கேட்டார்.

"அப்ப கரைச்சு வெச்ச பால என்னம்மா பண்றது? நான் காப்பி போட்டுக்கட்டுமா?"

போட்டுக்கொள்ளச் சொன்னேன். சர்க்கரை வேண்டாம், அதிலேயே இருக்கும் என்றும் சொன்னேன். உள்ளே வந்து உட்கார்ந்து, பதினைந்து என்ற எண்ணை நிரலில் அடித்தேன். இருபது ஆக்கலாமா என்று ஒரு தடவை தோன்றியது. மதிய பஸ் கிளம்பியபோது நான் லீட்டோடு சாப்பாட்டு வரிசையில் நின்றுகொண்டிருந்தேன்.