ஆறெழுத்து ஆட்டம்

அந்தக் கட்டடத்தின் நாலு மாடியும் டாக்டர்கள். தரைக்கு அடியில் கார் நிறுத்துமிடம். சரிவில் வண்டி இறங்குகிற இடத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டு. அதற்குள் உட்கார்ந்திருப்பவளை டிரைவர்கள் கூண்டக்கா என்பார்கள். சீட்டு அடிக்கிற மெஷின் அவள் வேலைக்குச் சேர்ந்த மாசமே படுத்தது, இன்றுவரை எழுந்திருக்கவில்லை. அதனால் வருகிற வண்டியின் நம்பரைக் கையால் சீட்டில் எழுதிக் கொடுப்பாள். போகும்போது சீட்டை வாங்கிக்கொண்டு பட்டனை அழுத்துவாள், தடுப்புக் கம்பு மேலே போகும். ஒரு நாளைக்கு முந்நூறு வண்டி. வேறொருத்தியாக இருந்தால் பைத்தியம் பிடித்திருக்கும். இவளைக் காப்பாற்றியது ஒரு விளையாட்டு.

நம்பர் பலகையிலிருந்து இரண்டு ஆங்கில எழுத்தை எடுத்துக்கொள்ள வேண்டும். அந்த இரண்டும் எங்கேயாவது வருகிற மாதிரி சரியாக ஆறெழுத்தில் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். ஐந்து ஆகாது, ஏழும் ஆகாது. அப்பாவின் லாரியில் முன்னால் உட்கார்ந்து அக்காவும் இவளும் ஆடியது. எதிரே ஜியும் டியுமாக ஒரு வண்டி வந்தால், இவள் கண்ணை மூடித் திறப்பதற்குள் அக்கா கார்டன் என்று விடுவாள். இவள் தட்டுத்தடுமாறி பிரிட்ஜைக் கண்டுபிடிக்கும்போது லாரி பாலத்தையே தாண்டியிருக்கும். ஜெயித்தவளுக்கு ஜன்னலோரம். இவள் முக்கால்வாசி நாள் கியருக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்து வந்தாள்.

நடுவர் அப்பா. அவருக்கு இங்கிலீஷ் எண்ணத்தான் தெரியும், படிக்கத் தெரியாது. மகள்கள் எழுத்து எழுத்தாகச் சொல்லச் சொல்ல ஸ்டியரிங்கில் விரலைத் தட்டி எண்ணுவார். ஆறு வந்தால் சரி. ஒருமுறை க்யூவும் இஸட்டும் வந்தது. அக்கா குவார்ட்ஸ் என்றாள். அப்படி ஒரு வார்த்தையே கிடையாது என்று இவள் அழுது ஊரைக் கூட்டினாள். வீட்டுக்குப் போய் அகராதியைப் பார்த்தால் இருந்து தொலைத்தது. அக்காவிடம் ஒரு குணம். இவள் தப்பாக ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் அவளுக்குத் தூக்கம் வராது. சண்டை போட்டுப் பேசாமல் இருக்கிற நாளிலும், திரும்பிப் படுத்தபடியே சரியான வார்த்தையைச் சொல்லிவிட்டுத்தான் தூங்குவாள்.

இவள் கல்யாணமாகித் தூரத்து ஊருக்குப் போனாள். அப்பா படுக்கையில் விழுந்தது அக்கா வீட்டில். அப்பா போன சேதி வந்து, ரயில் பிடித்து இவள் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. அக்கா வாசலில் நின்று, "இப்பதான் வழி தெரிஞ்சுதா?" என்று கேட்டுக் கதவைச் சாத்தினாள். அதோடு சரி. ஒன்பது வருஷம்.

மன்னிப்புக் கேட்டு இவள் எத்தனையோ கடிதம் போட்டாள். ஒவ்வொன்றின் முடிவிலும் ஒரே கேள்வி: கடைசியில் அப்பா என்னைக் கேட்டாரா? பதில் சொல்லக்கூடிய ஆள் உலகத்தில் ஒருத்திதான். அந்த ஒருத்தியிடமிருந்து ஒரு வரி வரவில்லை. கிணற்றில் போட்ட கல் மாதிரி கிடந்தது அந்தக் கேள்வி. ஆம் இல்லை இரண்டில் எதுவானாலும் தாங்கிக்கொள்வாள், தெரியாமல் இருப்பதைத்தான் தாங்க முடியவில்லை.

போன வாரம், காலை பத்தரை இருக்கும். ஒரு வெள்ளைக் கார் வந்து நின்றது. பியும் ஆரும். வழக்கம்போல வார்த்தையைத் தேடிக்கொண்டே நிமிர்ந்தவள், பின் சீட்டில் அக்காவைப் பார்த்தாள். தலை பாதி நரைத்திருந்தது, மடியில் முட்டி வலிக்கான எக்ஸ்ரே உறை. அக்காவும் பார்த்துவிட்டாள். பார்த்த வேகத்தில் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

மன்னிப்பு என்று எழுதினால் அக்கா கிழித்துப் போடுவாள். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் கண்ணாடியை ஏற்றிவிடுவாள். என்ன செய்தால் அவளால் சும்மா இருக்க முடியாது என்பது இவளுக்குத் தெரியும். நம்பரை எழுதி, அதற்குக் கீழே இங்கிலீஷில் பேப்பர் என்று எழுதினாள். ஐந்தே எழுத்து. வேண்டுமென்றே செய்த தப்பு. டிரைவர் சீட்டை வாங்கி, "இத வச்சிக்கிங்கம்மா" என்று பின்னால் நீட்டினார்.

அதற்கப்புறம் இரண்டு மணி நேரம் கூண்டக்கா உட்கார்ந்த இடம் முள்ளாக இருந்தது. இரண்டு வண்டிக்கு நம்பரை மாற்றி எழுதி வாங்கிக் கட்டிக்கொண்டாள். ஏறி வருகிற ஒவ்வொரு வெள்ளைக் காருக்கும் எழுந்து எழுந்து உட்கார்ந்தாள்.

கார் வந்தது. டிரைவர் சீட்டைக் கொடுத்தார். அக்கா நேரே முன்னால் பார்த்துக்கொண்டிருந்தாள். பழக்கதோஷம், இவள் விரல் தன்னால் பட்டனை அழுத்திவிட்டது. கம்பு எழும்ப, கார் கிளம்பியது. அப்புறம்தான் சீட்டைப் பார்த்தாள்.

பேப்பரை அடித்துவிட்டு மேலே பேரட் என்று எழுதியிருந்தது. முன்பக்கம் சாய்கிற அதே கையெழுத்து. சரியாக ஆறெழுத்து. அதற்குக் கீழே, இடம் போதாமல் நெருக்கி நெருக்கித் தமிழில் மூன்று வரி.

"அப்பா கேட்டார். தினமும் உன்னைத்தான் கேட்டார். நான்தான் உனக்குச் சொல்லி அனுப்பல."

இவள் கூண்டிலிருந்து இறங்கி வெளியே ஓடினாள். ரோட்டில் இரண்டு பக்கமும் வண்டிகள்தான் போய்க்கொண்டிருந்தன. வெள்ளைக் கார் எதிலும் அக்கா இல்லை. வரவேண்டிய கோபம் ஏனோ வரவில்லை. ஒன்பது வருஷமும் தான்தான் குற்றவாளி என்று இவள் இங்கே குமைந்தாள், அதே ஒன்பது வருஷமும் அக்கா அங்கே தன் முகத்தைக் காட்ட முடியாமல் கிடந்திருக்கிறாள். அப்பா கேட்டார் என்ற சந்தோஷத்தைச் சொல்லி அழக்கூட அந்த ஒருத்தியை விட்டால் ஆளில்லை.

"அதனால என்னக்கா," என்றாள், போகிற வண்டிகளைப் பார்த்து. "வந்திருக்கலாம்ல."

பின்னால் கம்புக்கு முன்னால் நின்ற கார்கள் ஹார்ன் அடிக்கத் தொடங்கின.