பின்பெட்டிக்குள் ஒரு பயணம்

மலாயாவில் வெள்ளைக்கார அரசாங்கத்துக்கும் கம்யூனிஸ்டுகளுக்கும் சண்டை நடந்துகொண்டிருந்த எமர்ஜென்சி காலம் அது. நான் கல்யாணமாகி, நியாலாஸ் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்துக்கு வந்த முதல் வருடம். என் கணவர் அங்கே பெரிய கிராணி, அதாவது ஆபீஸின் தலைமைக் குமாஸ்தா. ஆபீஸ், தொழிலாளர் வீடுகள், எங்கள் குவார்ட்டர்ஸ் எல்லாவற்றையும் சேர்த்துச் சுற்றிலும் முள்வேலி போட்டிருந்தார்கள். சாயங்காலம் ஆனால் கேட்டைப் பூட்டிவிடுவார்கள். அப்புறம் விடியும்வரை யாரும் தலைகாட்ட முடியாது.

நான் பிறந்து வளர்ந்தது செர்காமில், கடலோரத்தில். அப்பா கருவாட்டு வியாபாரி. வீடு முழுக்க அந்த வாடைதான். கல்யாணத்துக்கு முன்னால் அதைப் பற்றி எவ்வளவோ சலித்துக்கொண்டிருக்கிறேன். தோட்டத்துக்கு வந்த பிறகோ, கடைக்குப் போனால் எதுவும் வாங்காமல் கருவாட்டுக் கூடைக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வருவேன். எந்தப் பக்கம் பார்த்தாலும் ரப்பர் மரம். காற்றுக்கூட அந்த மரங்களைத் தாண்டி வராது. கடல் பக்கம் எது என்று சூரியன் இறங்கும் திசையைப் பார்த்துத் தெரிந்துகொள்வேன்.

செர்காம் அப்படி ஒன்றும் தூரமில்லை. இரண்டும் ஒரே ஜாசின் மாவட்டம்தான். ஆனால் ரோடுதான் பயம். வழியில் ஒரு பஸ்ஸைக் காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகள் மறித்து எரித்துவிட்டார்கள். அதற்குப் பிறகு பஸ்ஸில் ஏறவே கூடாது என்று என் கணவர் சொல்லிவிட்டார். சீமைக்குத் திரும்பிய ஒரு துரையிடமிருந்து பழைய கார் ஒன்று வாங்கியிருந்தார். கிறிஸ்துமஸுக்கு அதில் கூட்டிப் போவதாகச் சொல்லியிருந்தார். எனக்கு அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. அச்சுமுறுக்கு சுட்டேன், தங்கைகளுக்குப் பாவாடை தைத்தேன், மனசுக்குள் நூறு தடவை ஊருக்குப் போய் வந்துவிட்டேன்.

அந்தச் சமயம் பார்த்துத்தான் காரின் பின்னாலிருந்து அந்தச் சத்தம் வர ஆரம்பித்தது. கடகட, கடகட என்று, தகர டப்பாவில் கல்லைப் போட்டு உருட்டுவது மாதிரி. மெதுவாகப் போனால் கேட்கும். வேகம் எடுத்தால் நின்றுவிடும். மறுபடி மெதுவானால் மறுபடி வரும். என் கணவர் பின்பெட்டியைக் காலி செய்து பார்த்தார். உபரிச் சக்கரத்தை வெளியே எடுத்து வைத்தார். பின் சீட்டைக் கழற்றினார். காருக்கு அடியில் படுத்துப் புகைக்குழாயை ஆட்டிப் பார்த்தார். எதுவும் பிடிபடவில்லை.

அவர் அதிகம் பேசாத மனுஷர். கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் காலையில், காப்பியைக் குடித்துவிட்டு, என்னைப் பார்க்காமலே சொன்னார். இந்தச் சத்தத்தோடு போக வேண்டாம், நடுக் காட்டில் நின்றுவிட்டால் என்ன செய்வது, காட்டில் இருக்கிறவர்களாலும் ஆபத்து, ராணுவத்தாலும் ஆபத்து. அவர் சொன்னது சரிதான். ஆனால் அடுப்படியில் சுட்டு வைத்திருந்த அச்சுமுறுக்கைப் பார்த்ததும் எனக்கு மனசு கேட்கவில்லை. பிறகு வெளியே வந்து, நான் பின்பெட்டிக்குள் படுத்துக்கொள்கிறேன், நீங்கள் மெதுவாக ஓட்டுங்கள், சத்தம் எங்கிருந்து வருகிறது என்று காது வைத்துக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

பைத்தியமா என்பது போல் பார்த்தார். நான் அசையவில்லை. என் முகத்தில் என்ன கண்டாரோ, கயிறு எடுத்து வந்தார். மூச்சுக்கு இடம் இருக்கட்டும் என்று மூடியை முழுக்கச் சாத்தாமல் கட்டினார். சத்தம் கேட்டால் நான் உள்ளிருந்து தகரத்தைத் தட்ட வேண்டும் என்று ஏற்பாடு.

தோட்டத்துச் செம்மண் ரோட்டில் காரே மொத்தமாகக் குலுங்கியதால் ஒன்றும் தனியாகக் கேட்கவில்லை. அதனால் கேட்டைத் தாண்டித் தார் ரோட்டுக்கு வந்தார். காவலுக்கு இருந்தவரிடம் விஷயத்தைச் சொல்லியிருப்பார் போல, ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. தார் ரோடு வந்ததும் குலுக்கல் அடங்கியது. மூடி இடுக்கில் வந்த கீற்று வெளிச்சம் தவிர ஒரே இருட்டு. பெட்ரோல் வாடை. கன்னத்தைத் தரையில் ஒட்டிவைத்துப் படுத்திருந்தேன். டயர் ரோட்டில் உரசும் இரைச்சல் கடல் மாதிரியே இருந்தது. ஒரு நிமிஷம் எதற்காகப் படுத்திருக்கிறேன் என்பதே மறந்துபோய், கண்ணை மூடிக்கொண்டேன்.

கார் ஒரு வளைவில் மெதுவானது. கடகட என்று சத்தம் வந்தது. இடது காதுப் பக்கம், வெளியே, சக்கரத்திலிருந்து. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தட்டினேன். கார் நின்றது. நான் தட்டியதைக் கேட்டுத்தான் நிறுத்தியிருக்கிறார் என்று நினைத்து, இன்னும் பலமாகத் தட்டிக்கொண்டே கத்தினேன்.

“கண்டுபிடிச்சிட்டேங்க. இடது பக்கச் சக்கரந்தான்.”

பல பூட்ஸ் கால்கள் ஓடிவரும் சத்தம் கேட்டது. அதற்குப் பின் துப்பாக்கிகளில் ஏதோ இழுபடும் சத்தம். வளைவுக்கு அந்தப் பக்கம் ராணுவ லாரி நின்றிருக்கிறது. காரை மறித்து, அவரைக் கையைத் தூக்கச் சொல்லி இறக்கிக்கொண்டிருந்த நேரத்தில்தான் நான் உள்ளிருந்து தட்டியிருக்கிறேன். ஆளை ஒளித்துக் கடத்துகிற கார் என்று அவர்கள் நினைத்ததில் தப்பே இல்லை.

கயிற்றை அறுத்தார்கள். மூடி மேலே போனது. வெளிச்சத்தில் கண் கூசியது. முதலில் தெரிந்தது துப்பாக்கி முனைகள். அடுத்த நொடியே அவை மறைந்தன. என் கணவர், தூக்கிய கைகளோடு, எனக்கும் அவற்றுக்கும் நடுவில் வந்து நின்றுவிட்டார். அசையாதே என்று யாரோ ஆங்கிலத்தில் அதட்டினார்கள். அவர் நகரவில்லை. “இஸ்திரி சாயா, துவான், இஸ்திரி சாயா” என்று மலாயில் சொல்லிக்கொண்டே இருந்தார். என் மனைவி, ஐயா, என் மனைவி. சட்டை முதுகு முழுக்க வேர்வையில் ஒட்டியிருந்தது. திரும்பிப் பார்க்காமலே என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். கல்யாணமான நாள்முதல் ‘இந்தா’ என்பதைத் தவிர வேறு எதுவும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பெயரைச் சொல்லி, தாழ்ந்த குரலில் சொன்னார்:

“அசையாமப் படுத்திரு. நான் இருக்கேன்.”

ஒரு மலாய்ப் போலீஸ்காரர் குனிந்து உள்ளே பார்த்தார். முகமெல்லாம் கரியோடு சேலை கட்டிய ஒரு பெண். அவர் ஏதோ சொல்ல, துப்பாக்கிகள் இறங்கின. சிப்பாய்களை நடத்தி வந்த இளம் வெள்ளைக்கார அதிகாரியின் முகம் வெளுத்துப் போயிருந்தது. தட்டிய சத்தத்துக்கே சுட்டிருப்போம் என்று அவர் சொன்னதாகப் போலீஸ்காரர் பிறகு எங்களிடம் சொன்னார். என் கணவர்தான் என்னைப் பிடித்து வெளியே இறக்கினார்.

எங்கள் அடையாளக் கார்டுகளைப் பார்த்த பிறகு, என்ன சத்தம் என்று போலீஸ்காரர் கேட்டார். இரண்டு சிப்பாய்கள் காரைத் தள்ளினார்கள். எல்லோரும் காது கொடுத்தார்கள். கடகட. என் கணவர் உட்கார்ந்து, இடது பின்சக்கரத்தின் நடுவில் மூடியிருந்த வட்டத் தகட்டை நெம்பி எடுத்தார். உள்ளேயிருந்து இரண்டு நட்டுகள் விழுந்து ரோட்டில் உருண்டன. சக்கரத்தில் மிச்சம் இருந்த நட்டுகளை அவர் விரலாலேயே திருப்பினார். கொஞ்ச நாளுக்கு முன் பங்சர் ஒட்டியபோது சரியாக முறுக்காமல் விட்டிருக்கிறார்கள். வேகமாகப் போகும்போது கழன்ற நட்டுகள் தகட்டின் ஓரத்தோடு ஒட்டிக்கொள்ளும், சத்தம் வராது. மெதுவானால் உருளும். சத்தம் நின்றால் கார் சரியாக இருக்கிறது என்று நாங்கள் நினைத்திருந்தோம். அப்படியே செர்காமுக்குக் கிளம்பியிருந்தால் சக்கரம் எங்கே கழன்றிருக்குமோ. போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு, அவரோடு சேர்ந்து எல்லா நட்டுகளையும் முறுக்கிக் கொடுத்தார்.

ஆனாலும் ஸ்டேஷனுக்குப் போய் எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. அதிலேயே பகல் போய்விட்டது. கேட்டைப் பூட்டுவதற்குள் தோட்டத்துக்குத் திரும்பத்தான் நேரம் இருந்தது. திரும்பி வரும்போது காரில் சத்தமே இல்லை. மறுநாளே அந்த ரோட்டில் மறுபடி போக அவர் சம்மதிக்கவில்லை; அந்த கிறிஸ்துமஸை நான் ஊரில் கொண்டாடவில்லை. ராத்திரி சாப்பிடும்போது அவர், “புது வருஷத்துக்குக் கட்டாயம் போயிட்டு வருவோம்” என்றார்.

சொன்ன மாதிரியே கூட்டிப் போனார். அம்மா என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். தங்கைகள் முறுக்கு நமுத்துப் போனதைக் கூடப் பொருட்படுத்தவில்லை. சாயங்காலம் கடலோரத்தில் போய் நின்றேன். அத்தனை மாதம் ஏங்கிய இடம். அலை காலை நனைத்துவிட்டுப் போனது. நானோ வீட்டுப் பக்கம் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன், அப்பாவோடு பேசிக்கொண்டிருந்த அவர் என்னைத் தேடி வருகிறாரா, வந்தால் எப்படிக் கூப்பிடுவார் என்று.

வந்தார். “இந்தா, இருட்டப் போகுது” என்றார்.

அதற்குப் பிறகு எத்தனையோ வருடம் சேர்ந்து வாழ்ந்தோம். பிள்ளைகள் பிறந்தார்கள், தோட்டத்தை விட்டு மலாக்கா டவுனுக்கு வந்தோம். நல்ல மனுஷர், ஒரு குறை வைக்கவில்லை. ஆனால் என் பெயரை அவர் மறுபடி சொல்லவே இல்லை. கேட்டு வாங்கியிருக்கலாம். சில சமயம் வாய்வரை வரும். கேட்டு வாங்கினால் அது அது இல்லை என்று விட்டுவிடுவேன். ஆஸ்பத்திரியில் கடைசி நாட்களில் கையைப் பிடித்துக்கொண்டபோதும் ‘இந்தா’தான்.

அவர் போய்ப் பல வருடமாகிவிட்டது. அந்த மலாய்ப் போலீஸ்காரர் எங்கே இருந்தாலும் நன்றாக இருக்கட்டும். ஊர் ஏக்கம் எனக்கு அந்தப் புது வருஷத்தோடு தீர்ந்துபோனது. அந்த ரோட்டில், அத்தனை துப்பாக்கிகளுக்கு முன்னால் நின்று ஒருவர் என் பெயரைச் சொன்னாரே, அந்த ஒரு குரலை நம்பித்தான் ஒரு வாழ்க்கை முழுவதையும் பயமில்லாமல் வாழ்ந்து முடித்திருக்கிறேன். இன்னொரு தடவை கேட்கமாட்டோமா என்ற ஆசை மட்டும் இந்த வயசிலும் விடவில்லை.