எருமையின் வயிற்றில் தண்ணீர்

நான் எவரையும் சுலபத்தில் நம்புகிறவன் இல்லை. டீக்கடையில் பால் ஊற்றும்போதுகூட எட்டிப் பார்ப்பேன். மலைமேல் தலைச்சோலைக்குப் பக்கத்தில் ஒரு எஸ்டேட் ஏரியில் இருபது வருடம் என்னோடு வேலை பார்த்த டிரைவர் அண்ணனையும் அப்படித்தான் சந்தேகப்பட்டேன்.

எங்கள் இருவர் பிழைப்பும் ஒரு பழைய இரும்புப் படகுதான். இரண்டு பக்கமும் துடுப்புச் சக்கரம் வைத்த இழுவைப் படகு. ஏதோ துறைமுகத்தில் நீராவியில் ஓடித் தேய்ந்ததை லாரியில் மலையேற்றி, டீசல் என்ஜின் பூட்டி விட்டிருந்தார்கள். கறுத்த உடம்பு, அசமந்த நடை. எருமை என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். ஆகாயத்தாமரையைக் கரைக்கு இழுக்கும். சுற்றுலா வந்தவர்கள் மிதிக்க முடியாமல் நடு ஏரியில் நின்றுபோனால், பெடல் போட்டைக் கயிறு கட்டி இழுத்து வரும். கூட்டம் வந்தால் ஆட்களையும் ஏற்றிச் சுற்றிவரும். அவர் என்ஜின், நான் கயிறு.

போன மழைக்காலத்தில் சேலத்துப் பழைய இரும்பு வியாபாரி ஒருவர் வந்து எருமையைத் தட்டிப் பார்த்தார். அப்புறம் அண்ணனோடு டீ குடித்தார். அதோடு என் தூக்கம் போயிற்று. காலையில் நான் வரும்போது அண்ணனின் பேன்ட் முழங்கால்வரை நனைந்திருக்கும். கேட்டால் பனி என்பார். மலைப் பனி எனக்குத் தெரியாதா? அடித்தகட்டில் ஆணி கழற்றுகிறார், ஓட்டை என்று சொல்லி எருமையை எடைக்குப் போட்டுக் கமிஷன் வாங்கப் போகிறார் என்று முடிவே கட்டிவிட்டேன். எருமை போனால் என் வேலையும் போகும்.

ஒரு நாள் விடியுமுன்னே அடிவாரத்துக் குப்பனூரிலிருந்து வண்டியில் மலையேறி, டிக்கெட் கொட்டகைக்குப் பின்னால் நின்றேன். அண்ணன் வந்தார். படகின் தளப்பலகையைத் தூக்கிவிட்டு உள்ளே இறங்கினார். ஆணி எதையும் கழற்றவில்லை. பெயிண்ட் டப்பாவால் தண்ணீரை மொண்டு மொண்டு ஏரியில் ஊற்றினார். நாற்பது டப்பா.

தினமும் சாயங்காலம், அவர் மாடு கறக்க ஊருக்குப் போனபிறகு, அதே பலகையைத் தூக்கி நானும் முப்பது டப்பா இறைத்துக்கொண்டிருந்தேன். ஆபீஸுக்குத் தெரிந்தால் எடைக்குப் போட்டுவிடுவார்களே என்று மூச்சு விடவில்லை. ஒரு நாள் முழுக்க ஒழுகுவதே அந்த முப்பதுதான், அதற்குப் பயமில்லை என்று நினைத்திருந்தேன். அவர் கணக்கில் அந்த நாற்பதுதான் மொத்தம். சேர்த்தால் எழுபது.

கொட்டகைக்குப் பின்னாலிருந்து வந்து, நானும் இறைப்பதைச் சொன்னேன். அவர் டப்பாவோடு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"போன வாரம் அத்தன பள்ளிக்கூடப் புள்ளைங்கள இதுல ஏத்திட்டு வந்தமேங்க தம்பி," என்றார்.

இருவரும் ஆபீஸுக்குப் போய் ஒப்புக்கொண்டோம். டிராக்டர் கட்டி எருமையைக் கரையேற்றினார்கள். வெல்டர் ஸ்க்ரூடிரைவரால் அடித்தகட்டைக் குத்தினார், கைப்பிடிவரை இறங்கியது. வருடாவருடம் நாங்கள் பூசிய தார்தான் பாதித் தகடாக நின்றிருந்தது.

வியாபாரியிடம் என்னதான் பேசினீர்கள் என்று அப்போதுதான் கேட்டேன். இன்னும் பத்து வருடம் ஓடும், போய்விட்டு வாருங்கள் என்று சொல்லி அனுப்பினாராம். எனக்கு அவர் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது. தண்ணீர் இறைப்பதை என்னிடமாவது சொல்லியிருக்கலாமே என்றேன்.

"நீங்க ஆபீஸ்ல போட்டுக் குடுத்துருவீங்கன்னு பயந்தனுங்க," என்றார்.

அவர் என்னை நம்பவில்லை, நான் அவரை நம்பவில்லை. எங்களை நம்பித்தான் அந்தப் பிள்ளைகள் ஏறி உட்கார்ந்திருந்தார்கள்.