சிலாபத்தில் எழும்பிய ஆட்டம்

நான் செஸ்ஸைத் தலைகீழாகப் படிப்பிக்கிறேன் என்று எங்கள் பாடசாலையில் ஒரு பேச்சு உண்டு. உண்மைதான். மற்ற இடங்களில் முதல் நாளே முப்பத்திரண்டு காயையும் அடுக்கிக் காட்டுவார்கள். நான் நான்கே நான்கு காய்களை வைப்பேன். இரண்டு ராசாக்கள், குறுக்கே ஓடும் மந்திரி ஒன்று, பலகையின் ஓரத்தில் ஒரு சிப்பாய். "இவ்வளவுதானா டீச்சர்?" என்று பிள்ளைகள் முகத்தைச் சுளிப்பார்கள். பெற்றோர் சிலர் அதிபரிடம் போய் முறையிட்டும் இருக்கிறார்கள். அவர் என்னைக் கூப்பிட்டுக் கேட்டபோது, எனக்கு இப்படித்தான் வரும் சேர் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். காரணத்தை அவருக்கும் சொல்லவில்லை, வேறு யாருக்கும் சொன்னதில்லை.

யுத்தம் முடிந்து சில வருடங்களில் கற்பிட்டிப் பக்கம் ஒரு பாடசாலையில் எனக்கு ஆசிரியை வேலை கிடைத்தது. அந்த வருடம் அப்போதைய அதிபருக்குச் செஸ் அணி ஒன்று அமைக்க ஆசை வந்தது. கூட்டத்தில் யார் பொறுப்பெடுப்பது என்று கேட்டதும் எல்லா ஆசிரியர்களும் ஒரே நேரத்தில் குனிந்து பேனையைத் தேடினார்கள். புதிதாக வந்தவள் நான், நிமிர்ந்து இருந்துவிட்டேன். பொறுப்பு என் தலையில் விழுந்தது. குதிரை தாவும் என்பதைத் தவிர எனக்கு அந்த விளையாட்டில் ஒன்றும் தெரியாது.

கேட்டுப் படிக்க ஆள் இல்லை. புத்தகமும் இல்லை. கையில் போன் இருந்தது. அந்த நாட்களில் பக்கத்து நாட்டில் உலகப் பட்டத்துக்கான ஆட்டம் ஒன்று நடந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு நகர்த்தலும் நடந்த கையோடு போனில் வந்து விழும். அதைப் பார்த்தே படித்துக்கொள்ளலாம் என்று முடிவுகட்டினேன். அரிச்சுவடி தெரியாதவள் பல்கலைக்கழகத்தில் போய்க் குந்திக்கொண்ட கதைதான்.

கூட்டுக்குத் தங்கச்சியைச் சேர்த்துக்கொண்டேன். என்னைவிட எட்டு வயது இளையவள், எங்கள் பாடசாலையிலேயே உயர்தர வகுப்பில் கணிதம் படித்துக்கொண்டிருந்தாள். யுத்த காலத்தில் மன்னாரில் இருந்து எங்கள் முஸ்லிம் சனத்தை விரட்டியபோது நான் உம்மாவின் கையைப் பிடித்து நடந்து வந்தவள். அவள் பிறந்ததே சில வருடம் கழித்து, புத்தளத்து முகாமில், தென்னங்கிடுகுக் கொட்டிலில். எனக்குக் கல்யாணம் முடிந்திருந்தது. கணவருக்குக் கொழும்பில் வேலை, வார இறுதியில் வருவார். அதனால் நானும் வாப்பா வீட்டில்தான் இருந்தேன். வீட்டுக்குள் சிக்னல் விழாது. கிணற்றடியில் விழும். பாடசாலை விட்டு வந்து சோறு தின்ற கையோடு பலகையைத் தூக்கிக்கொண்டு அங்கே போய்விடுவோம். காற்று காயைச் சாய்க்கும், சாய்ந்ததை நிமிர்த்தி வைப்போம். உம்மா வெங்காயம் ஆய்ந்துகொண்டே, "ரெண்டு புள்ளைகளும் மரக்கட்டையோட கதைக்குதுகள்" என்று பக்கத்து வீட்டுக்குக் கேட்கச் சொல்லுவா.

எங்களுக்கு ஒரு முறை இருந்தது. நகர்த்தல் வந்ததும் நான் போனை மார்போடு அணைத்து மறைத்துக்கொள்வேன். என்ன வந்திருக்கும் என்று தங்கச்சி சொல்ல வேண்டும். சொன்ன பிறகுதான் காட்டுவேன். ஆரம்பத்தில் பத்தில் ஒன்றுகூடச் சரிவராது. அந்தப் போட்டி முடிந்து அடுத்த போட்டி, அதற்கடுத்தது என்று போகப் போக, அவள் சொல்வதும் போனில் இருப்பதும் ஒன்றாகத் தொடங்கின. அப்போதெல்லாம் அவள் சிரிக்க மாட்டாள். முக்காட்டை ஒருமுறை இழுத்துச் சரிசெய்வாள், அவ்வளவுதான். அவளைவிட நான்தான் குதிப்பேன்.

அவளுக்கு மிகவும் பிடித்தது வேறொன்று. பெரிய ஆட்டக்காரர்கள் தோல்வி நிச்சயம் என்று கண்டால் கடைசிவரை இழுக்க மாட்டார்கள். மணிக்கூட்டை நிறுத்துவார்கள், கையை நீட்டுவார்கள், தாளில் ஒப்பமிட்டு எழும்பிப் போவார்கள். அதற்கு நாங்கள் வைத்த பெயர் எழும்புவது. எழும்புவதை அவள் கிணற்றடியில் ஒத்திகை பார்த்தாள். முதுகை நேராக்கி, முகத்தில் ஒன்றும் காட்டாமல் கையை நீட்டுவாள். பார்க்க அழகாக இருக்கும்.

அதையே நான் பாடசாலையிலும் படிப்பித்தேன். தோற்ற ஆட்டத்தை இழுத்துக்கொண்டிருப்பது மரியாதைக்கேடு என்று பிள்ளைகளுக்குச் சொன்னேன். மற்றப் பாடசாலைப் பிள்ளைகள் தனி ராசாவோடு கடைசி வரைக்கும் ஓடித் திரிவதைப் பார்க்கும்போது எனக்கு இளக்காரமாக இருக்கும். அந்தக் கர்வத்தை இப்போது நினைத்தால் என் கன்னத்தில் நானே அறையலாம் போல வருகிறது. பெரியவர்களின் ஆட்டம் எப்போதும் முடிவுக்கு முன்னாலேயே முடிந்துவிடுகிறது. ஒன்றில் எழும்பிவிடுவார்கள், இல்லையென்றால் சமன் என்று கை குலுக்கிவிடுவார்கள். அதற்குப் பிறகு பலகையில் என்ன நடக்கும் என்பதை நாங்கள் பார்த்ததே இல்லை. பார்க்காத ஒன்று இருக்கிறது என்பதும் எங்களுக்குத் தெரியவில்லை.

அடுத்த வருடம் தங்கச்சிக்கு எத்தாளையில் இருந்து ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளைக்கு வெங்காயத் தோட்டம், நல்ல குடும்பம். வாப்பாவுக்கு மனம் நிறைந்துவிட்டது. கருவாட்டு வாடியில் மீன் காயப்போட்டு வெயில் குடித்த மனுசன், மகளை ஒரு கரையில் சேர்த்தால் போதும் என்று இருந்தார். தங்கச்சி படிக்க வேண்டும் என்று அழுதாள். அதிபரே வீட்டுக்கு வந்து கதைத்தார். வாப்பா தாடியைத் தடவிவிட்டு, "சரி சேர். மாவட்டத்துல வெண்டு மாகாணப் போட்டிக்குப் போகட்டும். போனா, உயர்தரச் சோதனை முடியும் வரைக்கும் நான் வாய் துறக்க மாட்டன். போகாட்டிப் பெருநாளைக்குப் பிறகு நிக்காஹ்" என்றார். சொன்ன சொல்லை வாப்பா மாற்ற மாட்டார் என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும். அன்றிலிருந்து கிணற்றடியில் சிரிப்பு குறைந்தது.

மாவட்டப் போட்டி சிலாபத்தில், ஒரு பாடசாலை மண்டபத்தில் நடந்தது. தங்கச்சி நன்றாக ஆடினாள். கடைசிச் சுற்றுக்கு வந்தபோது அவளுக்கு வெற்றிகூடத் தேவைப்படவில்லை. சமன் போதும், மாகாணத்துக்குப் போய்விடலாம். எதிரே இருந்தவள் சிங்களப் பிள்ளை ஒருத்தி, ஒல்லியாக, நகத்தைக் கடித்துக்கொண்டே ஆடுவாள். கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். காய்கள் ஒவ்வொன்றாக வெட்டுப்பட்டன. கடைசியில் அந்தப் பிள்ளையிடம் ராசாவோடு ஒரு மந்திரியும் ஓரத்துச் சிப்பாயும் மிஞ்சின. தங்கச்சியிடம் ராசா மட்டும்தான்.

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

ஆடுகிறவள் வெளியில் நிற்பவளைப் பார்க்கவும் கூடாது, வெளியில் நிற்பவள் ஒன்றும் காட்டவும் கூடாது. அது விதி. எனக்கு அது நினைவில் வரவில்லை. கிணற்றடியில் பார்த்த நூறு ஆட்டங்கள்தான் கண்ணுக்கு முன்னால் வந்தன. இப்படியொரு நிலையில் எந்தப் பெரிய ஆட்டக்காரனும் இருந்ததில்லை, இதற்கு எவ்வளவோ முன்பே எழும்பியிருப்பான். என் தங்கச்சி இவ்வளவு பேருக்கு முன்னால் தனி ராசாவோடு ஓடித் திரிய வேண்டாம் என்று நினைத்தேன். எழும்பு என்று தலையை ஆட்டினேன்.

அவள் மணிக்கூட்டை நிறுத்தினாள். முதுகை நேராக்கிக்கொண்டு கையை நீட்டினாள். அந்தப் பிள்ளை ஒரு கணம் திகைத்துப் போய் அவள் கையைப் பிடித்தபடியே சிங்களத்தில் மெதுவாக ஏதோ சொன்னது. ஆறுதல் சொல்லுகிறதாக்கும் என்று நினைத்துக்கொண்டேன். தங்கச்சி தாளில் ஒப்பமிட்டு எழும்பி வந்தாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் ஜன்னலோரம் இருந்தாள். ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, "நல்லா எழும்பினாய் தங்கச்சி. போனில பாத்த மாதிரியே இருந்திச்சு" என்றேன். "ஓம் ராத்தா" என்றாள். பாலாவிச் சந்தியில் இறங்கிக் கற்பிட்டி பஸ்ஸுக்கு நிற்கும்போது என் கைப்பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டாள். எனக்குக் களைப்பாக இருக்கும் என்று சொன்னாள்.

பெருநாளைக்குப் பிறகு நிக்காஹ் நடந்தது. சம்மதம் கேட்டு வந்தபோது அவள் தலையை நிமிர்த்தவே இல்லை. என்னைப் பார்த்துவிடுவாளோ என்று நான் பயந்துகொண்டு நின்றேன். மாப்பிள்ளை கெட்டவர் இல்லை. குரல் உயர்த்தாதவர், உழைப்பாளி. கெட்டவராக இருந்திருந்தால் அவரைத் திட்டியாவது மனத்தை ஆற்றியிருப்பேன். தங்கச்சி கணிதப் புத்தகங்களைப் பெட்டியில் கட்டி எங்கள் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனாள். எத்தாளையில் பாத்தி கட்டவும் தண்ணீர் மாற்றவும் பழகிக்கொண்டாள். மாமியார் அவளை மெச்சிக்கொள்வதாக உம்மா சொல்லுவா.

இரண்டு வருடம் கழித்துச் செஸ் படிப்பிக்கும் ஆசிரியர்களுக்குப் புத்தளத்தில் ஒரு பயிற்சி வைத்தார்கள். பயிற்றுவிக்க வந்தவர் முதல் வேலையாகப் பலகையில் நான்கு காய்களை வைத்தார். ராசா, மந்திரி, ஓரத்துச் சிப்பாய். எதிரில் தனி ராசா. "இது சமன்" என்றார். சிப்பாய் ராணியாகப் போகும் மூலை வெள்ளைக் கட்டம். மந்திரி ஓடுவதோ கறுப்புக் கட்டங்களில் மட்டும். தனி ராசா அந்த மூலையில் போய் இருந்துகொண்டால் உலகத்தில் யாராலும் அதை அங்கிருந்து எழுப்ப முடியாது. சின்னப் பிள்ளைகளுக்கு முதல் மாதத்தில் சொல்லிக்கொடுக்கும் பாடமாம் அது. சிலாபத்தில் தங்கச்சியின் ராசா அந்த மூலைக்கு இரண்டு கட்டம் தள்ளி நின்றது எனக்கு நன்றாக நினைவிருந்தது.

நான் வெளியே போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் நின்று அழுதேன். ஒரு தலையாட்டலில் பிள்ளையின் படிப்பை அழித்துவிட்டேன். அவளிடம் போய்ச் சொல்லலாமா என்று எத்தனையோ தடவை யோசித்தேன். அப்போது அவள் கையில் ஒரு குழந்தை இருந்தது. சொல்லி என்ன ஆகப்போகிறது? அவள் மனத்திலாவது அது தோற்ற ஆட்டமாகவே இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன். அதற்குப் பிறகுதான் நான் தலைகீழாகப் படிப்பிக்கத் தொடங்கினேன்.

அந்தக் குழந்தை வளர்ந்து எங்கள் பாடசாலையில் மூன்றாம் வகுப்புக்கு வந்தது. இந்த வருடம் செஸ்ஸுக்கும் பெயர் கொடுத்தது. முதல் நாள் வழக்கம் போல நான்கு காய்களை வைத்தேன். தனி ராசா தங்கச்சி மகளின் பக்கம், மந்திரியும் சிப்பாயும் என் பக்கம். மகள் பலகையை இப்படியும் அப்படியும் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். அந்த நேரம் அவளைக் கூட்டிப்போகத் தங்கச்சி வந்து வாசலில் நின்றாள். தோட்டத்தில் இருந்து நேரே வந்திருக்க வேண்டும், சேலைக் கரையில் மண் இருந்தது. நான் பதறிப்போய்க் காய்களைக் கலைக்கக் கையை நீட்டினேன்.

அதற்குள் அவள் வந்து மகளின் தோளுக்கு மேலால் குனிந்தாள். இரண்டு விரலால் ராசாவைத் தூக்கி மூலைக் கட்டத்தின் பக்கமாக ஒரு கட்டம் நகர்த்தி வைத்தாள்.

"இந்த மூலைக்குள்ள போய் இருந்துக்க மகள். ஒருத்தராலயும் எழுப்ப ஏலா" என்றாள்.

"உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன்.

"அண்டைக்கே தெரியும் ராத்தா. கை குடுக்கக்குள்ள அந்தப் பிள்ளை கேட்டிச்சு, ஏன் எழும்புறீங்க, இது சமன்தானே எண்டு."

"எனக்கு ஏன்டி சொல்லல்ல?"

அவள் மகளின் பின்னலைச் சரிசெய்தாள். "சொன்னா நீங்க அதோட பலகையை மூடி வச்சிருப்பீங்க. பிறகு இந்தப் பிள்ளைகளுக்கு யாரு படிப்பிக்கிற?"

பஸ்ஸில் நான் சொன்னதும், அவள் "ஓம் ராத்தா" என்றதும், என் கைப்பை அவள் தோளில் தொங்கியதும் ஒன்றாக நினைவுக்கு வந்தன. நான் அவளிடமிருந்து மறைத்துக்கொண்டிருந்ததை, பத்து வருடமாக அவள் எனக்காகச் சுமந்துகொண்டிருந்திருக்கிறாள். பிள்ளைகளுக்கு முன்னால் அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். அப்படியும் கண்ணீர் வந்துவிட்டது.

"அழாதீங்க. நகர்த்துங்க" என்று சொல்லிவிட்டு அவள் மகளைத் தள்ளி இருத்தி, அந்தச் சின்னக் கதிரையில் எனக்கு எதிரே இருந்தாள். கிணற்றடிக்குப் பிறகு நாங்கள் ஒரு பலகைக்கு முன்னால் இருந்தது அன்றுதான். நான் மந்திரியை நகர்த்தினேன், சிப்பாயைத் தள்ளினேன், ராசாவைக் கொண்டுபோய் நெருக்கினேன். தெரிந்த வழி எல்லாம் பார்த்தேன். அவள் மூலைக்குள் போய் இருந்துகொண்டாள். முக்காட்டை ஒருமுறை இழுத்துச் சரிசெய்தாள். ஆட்டம் முடியும் வரைக்கும் ஒரு தடவைகூட அவள் நிமிர்ந்து என் முகத்தைப் பார்க்கவில்லை.